பத்திரகாளி கடைந்த கட்டை

அச்சங்குளத்துக் கருவேலங்காட்டில் பட்டாசுத் தொழிலாளி பத்திரகாளி தீ மூட்டக் கட்டையோடு கட்டையை வைத்துக் கடைந்தபோது தண்ணீர் வந்தது. முதலில் கசிவு, பிறகு விரல் தடிமனுக்கு ஒழுக்கு. குடித்தவர்கள் உப்புக் கரிக்கவில்லை என்றார்கள். ஊர்த் தண்ணீரை எல்லாம் உறிஞ்சிய மரம் கொஞ்சம் திருப்பித் தருகிறது, இதிலென்ன அதிசயம் என்று ஊர் அத்தோடு விட்டுவிட்டது.

விடாதவர் ஹரிபிரசாத் ஒருவர்தான். இந்தக் கூத்தைக் கேளுங்கள்: பட்டாசுத் தொழிலாளிகளுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. கம்பெனியோ மலிவாகக் கிடைத்தார் என்று, காட்டில் பிழைக்கும் வித்தை சொல்லித்தரும் இந்தப் பெங்களூர்க்காரரை இறக்கிவிட்டது. நாட்டுக்கே தீப்பெட்டி அனுப்பும் சீமையில், தீப்பெட்டி இல்லாமல் தீ மூட்டுவது எப்படி என்று ஐந்து நாள் வகுப்பு! சான்றிதழ் இல்லாதவருக்குத் தீபாவளி சீசனில் வேலை கிடையாது.

மற்ற பதினான்கு பேரும் மூன்றாம் நாளே பொறி எடுத்துவிட்டார்கள். பத்திரகாளியுடையது பத்தொன்பது வருஷம் வெடிமருந்து அடைத்த கை. சட்டியை இழுக்காதே, காலைத் தேய்க்காதே, எதையும் உரசாதே என்று பழகிய கை. உரசச் சொன்னதும் அது மிரண்டுவிட்டது, பாவம். வீட்டில் உலை கொதிப்பதே அவள் கூலியில்தான்.

"ஐயா, இன்னொருக்கா கடைஞ்சு பாக்கேன்யா. பெயிலுன்னு மட்டும் எழுதிராதீக" என்று கெஞ்சினாள்.

கொண்டுவந்த பாட்டில் தண்ணீர் தீர்ந்து நாக்கு வறண்டிருந்த ஹரிபிரசாத், அவள் கடைந்ததில் இரண்டு சொம்பு குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு எழுதினார்: "தோல்வி. எவ்வளவு முயன்றாலும் இவர் கையில் நெருப்பு வராது."

திங்கட்கிழமை காலை அந்தத் தாளோடு, அழுது வீங்கிய முகத்தோடு, கம்பெனி வாசலுக்குப் போனாள். பதினான்கு பேரும் லேமினேஷன் போட்ட சான்றிதழோடு முன்னால் நின்றார்கள். தீப்பெட்டி, செல்போன் எல்லாம் வாங்கி வைக்கிற வாட்ச்மேன் சோலைச்சாமி ஒரு சான்றிதழை வாங்கி எழுத்துக்கூட்டி வாசித்தார்: "எங்கும், எப்போதும், வெறுங்கையால் நெருப்பு உண்டாக்க வல்லவர்."

"அட பாவிகளா! தீப்பெட்டின்னா வாங்கி வச்சுக்கிடுவேன். கைய எங்கன வாங்கி வைக்க? எல்லாரும் அந்த வேப்பமரத்தடியில போய் நில்லுங்க."

பத்திரகாளியின் தாளை இரண்டு முறை படித்தார். எழுந்து நின்று கேட்டைத் திறந்தார்.

"நீ உள்ள போ ஆத்தா."

அந்த சீசனில் தண்ணீர் லாரி ஒரு நாளும் வரவில்லை. ஆனாலும் ஒவ்வோர் அறை வாசலிலும் தீயணைக்கும் வாளி தளும்பி நின்றது. தங்களையும் பெயிலாக்கச் சொல்லி அந்தப் பதினான்கு பேரும் ஹரிபிரசாத்துக்கு எழுதிப் போட்டார்கள். அதற்குப் பத்து நாள் வகுப்பு ஆகும் என்று பதில் வந்தது. பத்திரகாளி தன் தாளை இருக்கன்குடி மாரியம்மன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாள். காலையில் அதைக் கும்பிட்டுவிட்டு, இரண்டு கட்டையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறாள்.