ஆறடிக்கு நாலடி

"அம்மா, குழி பொகையுதும்மா!" என்று வீட்டு வேலைக்கு வரும் பவுனு மூன்று மாடி ஏறி வந்து கத்தியபோது நான் ஃபில்டரில் இரண்டாம் டிகாக்‌ஷனுக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஜனவரி மாதம், காலை எட்டரை. ஜன்னலுக்கு வெளியே ஆர்.கே.புரம் என்று ஒன்று இருப்பதற்கான அடையாளமே இல்லை, அவ்வளவு பனி. ஒன்பது மணிக்கு ஜே.இ. வருகிறார். எங்கள் குவார்ட்டர்ஸைப் பராமரிக்கும் ஜூனியர் இன்ஜினீயர். எங்கள் உரக்குழி இருக்கலாமா, மண் போட்டு மூடிவிடலாமா என்று இன்றைக்குச் சொல்லப்போகிறவர். பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு, ஸ்வெட்டருக்கு மேல் என் கணவரின் கோட்டையும் மாட்டிக்கொண்டு பவுனுவின் பின்னால் ஓடினேன்.

அந்தக் குழி என் பேரத்தில் வந்தது. எங்கள் அப்பா விருதுநகரில் வத்தல் கமிஷன் கடை வைத்திருந்தார். அங்கே விலையை வாயால் சொல்லமாட்டார்கள். இரண்டு கைகள் மேல் ஒரு துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவார்கள். அப்பா துண்டைப் பார்க்கவே மாட்டார், எதிராளியின் காது மடலைத்தான் பார்ப்பார். "மூஞ்சிய மாத்திக்கிடலாம், காத மாத்த முடியாது" என்பார். பத்தொன்பது வருடமாக செக்‌ஷன் ஆபீசர் மனைவியாக டெல்லியில் இருந்து என்ன கண்டேன்? வீடு சர்க்காருடையது, கதவு சர்க்காருடையது, ஒரு ஆணி அடிக்கவும் யோசிக்க வேண்டும். ஜே.இ.யிடம் முதலில் புல்வெளி முழுவதையும் கேட்டேன். அலறினார். பாதிக்கு வந்தேன். தலையில் கை வைத்தார். கடைசியில் மதில் ஓரம் நாவல் மரத்தடியில், ஆறடிக்கு நாலடி. நான் கேட்க நினைத்ததே அதுதான். அளவைச் சொன்னதும் என் கணவர் பேப்பரிலிருந்து தலை தூக்கி, "யாருக்கு?" என்று கேட்டார்.

இதற்கெல்லாம் காரணம் மாதங்கி. முனிர்காவில் அறை எடுத்துத் தங்கி, பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் ஆராய்ச்சி செய்கிற பெண். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டு ஹாலில் எட்டுப் பெண்களுக்கு வகுப்பு எடுத்தாள். குப்பை எங்கே போகிறது, யமுனை ஏன் நுரைக்கிறது, உருளைக்கிழங்குத் தோல் எப்படி மண்ணாகிறது. பஜ்ஜிக்காக வந்தவர்கள்கூட நோட்டு வாங்கினார்கள். "ரெண்டு பக்கெட் ஆன்ட்டி. வெட் ஒண்ணு, ட்ரை ஒண்ணு. தட்ஸ் ஆல்" என்றாள். அதைக் கேட்டுத்தான் முதல் குழியைக் கெடுத்தோம். ஈரமாக இருந்ததெல்லாம் உள்ளே போனது. நேற்றைய சாம்பார், ஊசின தயிர் சாதம், எதிர் வீட்டு குர்ப்ரீத் கொட்டிய கொண்டைக்கடலை சோலே. பத்தாம் நாள் நாற்றம் மூன்றாம் மாடிக்கு வந்தது, எலி அதற்கு முன்பே வந்துவிட்டது. ஜே.இ. ஆள் விட்டு மூடினார். பக்கத்தில் இன்னொரு குழிக்கு நான் ஒரு வாரம் அவர் ஆபீஸ் வாசலில் நின்றேன். "பொங்கல் வரைக்கும். ஒரு புகார் வந்தாலும் உங்கள் வகுப்பு, குழி எல்லாம் முடிந்தது" என்றார்.

வீடு வீடாக வாளியைக் கிளறிப் பார்த்த மாதங்கி, கீழ் வீட்டு சாவித்திரி மாமியின் வாளி முன் உட்கார்ந்துவிட்டாள். மாமிக்கு வெட்டும் புரியவில்லை, ட்ரையும் புரியவில்லை. அவர் பிரித்த கணக்கே வேறு. "சமைச்சது பத்து, சாப்ட்டது எச்சில். ரெண்டும் அந்த வாளி. தோலு, காம்பு, காப்பிச் சக்கை, சுவாமிக்குப் போட்ட பூ, இதெல்லாம் சுத்தம், இந்த வாளி. இதுல என்னடி சந்தேகம்?" சோறும் குழம்பும் பட்டாலே பத்து, தனியாக வைக்க வேண்டும் என்பது மாமி வீட்டு ஆசாரம்; அதனால் இது உப்பும் எண்ணெயும் படாத வாளி. பாலிதீன் பால் கவரையும் சுத்தமாகக் கழுவி அதில் போட்டிருந்தார், அது ஒன்றுதான் தப்பு. மாதங்கி தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். "ஆன்ட்டி, இனிமே எல்லாரும் மாமி ரூல்!" குர்ப்ரீத்துக்கு ஈரம், உலர்ந்தது என்று ஒரு மாதம் விளக்கியும் ஏறாதது, "ஜூட்டா தனி" என்றதும் அரை நிமிடத்தில் ஏறியது. எச்சிலை எந்த ஊர்க்காரிக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் மாமி குழிப் பக்கம் வரமாட்டார். மடி. இரண்டு கை தூரத்திலிருந்து வாளியைக் கவிழ்ப்பார், கிளறுவது பவுனு.

கீழே பவுனு சொன்னது உண்மைதான். பனிக்குள் பனியாக, குழியிலிருந்து வெள்ளையாக எழும்பிக்கொண்டிருந்தது. "நேத்து நல்லாத்தான் கெளறிவுட்டேன்மா. எந்தப் பாவி பீடியப் போட்டானோ!" என்று அவள் தண்ணீர் வாளியைத் தூக்கினாள். நான் குனிந்து மோந்தேன். கருகல் வாடையே இல்லை. முதல் மழை பெய்த தெருவின் வாடை. எனக்குக் குளிர் போய்விட்டது. "சூடு புடிக்கும் ஆன்ட்டி, வெயிட் பண்ணுங்க" என்று மாதங்கி சொல்லி, நாங்கள் எட்டுப் பேரும் அவளுக்குப் பாவம் பார்த்துத் தலையாட்டினோமே, அந்தச் சூடு! "ஊத்தாத பவுனு! பொகையில்ல, ஆவி! வெந்துக்கிட்டு இருக்குடி, தானா வேகுது!" என்று அவள் கையைப் பிடித்து ஆட்டினேன். "அடுப்பில்லாமயா? அப்ப கேஸு சிலிண்டர வித்துரலாம்" என்றாள் பவுனு, ஆனால் அவளுக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

"ஆக் லகா தீ?"

ஸ்கூட்டர் சத்தமே கேட்கவில்லை. தீ வைத்துவிட்டீர்களா என்று கேட்டபடி, கழுத்தில் மஃப்ளரும் கையில் தோல் கையுறையுமாக ஜே.இ. பின்னால் நின்றார். இலை எரிப்பதற்குத் தடை, சர்க்கார் மரத்தடியில் நெருப்பு வைத்திருக்கிறீர்கள், தோட்டக்கார மாலியைக் கூப்பிடுகிறேன், மண் போடட்டும் என்றார். நான் ஆரம்பித்தேன். நுண்ணுயிர், நைட்ரஜன், மாதங்கியின் நோட்டிலிருந்த எல்லாவற்றையும் இந்தியில் அவிழ்த்தேன். அவர் காது மடல் அசையவில்லை. புல்வெளி முழுவதையும் கேட்டவள் சொல்வதை யார் நம்புவார்கள்? கையை விட்டுக் காட்ட எனக்குத் தோன்றவே இல்லை; கையால் பேசிய அப்பாவின் மகளாக இருந்தும், டெல்லியில் வாயால் பேரம் பேசியே பழகியவள் நான்.

அப்போதுதான் சாவித்திரி மாமி வாளியோடு வந்தார். தலையில் ஈரத்துண்டு, உடம்பில் மடிப்புடவை. ஒரு நிமிடம் கேட்டார்.

"என்னவாம் இவருக்கு?"

"நெருப்புங்கிறாரு மாமி. மூடணுமாம்."

"மூடறதா? ஆத்துச் சுவாமிக்குப் போட்ட பூவும் வாழைக்காய்த் தோலும் உள்ள இருக்கு!" வாளியைக் கீழே வைத்தார். பவுனு சட்டென்று ஒதுங்கி வழி விட்டாள். மாமி அவளைத் தாண்டாமல் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, வலது கையை முழங்கை வரை குழிக்குள் விட்டார். மடிப்புடவையோடு! மாமியின் கண் மெல்ல அகன்றது.

"அடியம்மா..." என்றார். "பவுனு, நீயும் விட்டுப் பாருடி." பிறகு நிமிர்ந்து, அமாவாசைக்கு அமாவாசை மட்டும் வெளியே எடுக்கிற தன் இந்தியில், "பையா, ஹாத் டாலோ. ஆக் நஹீ. ஆவோ, ஆவோ" என்று, நெருப்பில்லை, கையை விட்டுப் பாருங்கள் என அவரைக் கூப்பிட்டார்.

இரண்டு பெண்களின் கைகளும் உள்ளே இருந்தன. ஜே.இ. அவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மதிலைப் பார்த்தார். வலது கையுறையைக் கழற்றினார். ஒரு விரல், பிறகு இரண்டு, பிறகு மணிக்கட்டு வரை. அழுகின பூவும் தோலும் மூன்று பேர் கையையும் மூடிக்கொண்டன. உள்ளே என்ன பேச்சு நடக்கிறது என்று வெளியே நிற்கிற எனக்குத் தெரியாது. நான் ஜே.இ.யின் காது மடலைத்தான் பார்த்தேன். குளிரில் நீலம் பாரித்திருந்தது மெல்லச் சிவந்துகொண்டிருந்தது. அவர் உள்ளேயிருக்கும் கையை எடுக்காமலே, இன்னொரு கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.