சொன்னது சொன்னபடி

அம்மா போனில் கூப்பிட்டபோது கிளி உடனே சரி என்று சொல்லவில்லை. கிளி என்பது அம்மா வைத்த பட்டப்பெயர். இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து அம்மாவுக்காக இந்த ஊர் மொழியில் பேசிப் பேசி ஒட்டிக்கொண்ட பெயர். இன்று அவள் கோர்ட்டிலும் ஆஸ்பத்திரியிலும் மொழிபெயர்ப்பாளர். எழுதுவதில்லை, ஒருவர் தமிழில் பேசப் பேச அதை வாயாலேயே மற்றவருக்குச் சொல்ல வேண்டும். அடுத்தவன் சொன்னதைத் திருப்பிச் சொல்ல இவளுக்குச் சம்பளம் என்று அம்மா உறவுக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். இவள் தமிழைக் கேட்டால் வெளுத்த துணி மாதிரி இருக்கிறது என்றும் சொல்வாள். அந்தத் தமிழ் முழுக்க அம்மாவிடமிருந்தே வந்தது என்பதை யாரும் எடுத்துச் சொன்னதில்லை.

அம்மாவின் தையல் கடை இருக்கும் கட்டடம் கைமாறிவிட்டது. புதிய முதலாளியின் மேலாளர், வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்று பேசக் கடைக்கே வருகிறார். கடை போனால் அம்மாவுக்குப் பிழைப்பு மட்டும் போகாது. வீட்டுக்கு வெளியே அவளுக்கென்று இந்த நாட்டில் இருந்த ஒரே இடமும் போய்விடும்.

"வரேன். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். இப்ப இது என் தொழில். நீ சொல்றது அப்படியே போகும். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்."

"அப்படியே சொல்லத்தானேடி கூப்பிடறேன். உன்னை யாரு கதை கட்டச் சொன்னா?"

கிளி போனை வைத்துவிட்டுச் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை அது. இந்த வாய்ப்புக்காக அவள் பல வருடம் காத்திருந்தாள்.

அம்மா தைக்கும் ஒரு நல்ல கோட்டின் உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் தையலே தெரியாது. கனத்த துணியை வெட்டித் தைத்த இடங்களில் பிசிறு, முடிச்சு, மடிப்பு எல்லாம் கிடக்கும். அப்படியே போட்டால் உடம்பில் உறுத்தும், கை நுழையாது. அதனால் உள்ளே வழவழப்பான துணி ஒன்றை வைத்துத் தைப்பார்கள். அதுதான் லைனிங். போட்டுக்கொள்பவர் கோட்டைப் பாராட்டுவார். லைனிங்கை யாரும் பாராட்டுவதில்லை.

சின்ன வயதில் கிளி செய்தது அதைத்தான். கூரை ஒழுகியபோது அம்மா வாடகை வீட்டுக்காரரிடம், உன் வீட்டுக்குள்ளே நான் குடை பிடிச்சுக்கிட்டு சமைக்கணுமா, உனக்கெல்லாம் எதுக்கு ஒரு வீடு என்று கேட்டாள். மழை பெய்தால் அடுப்பங்கரையில் தண்ணீர் சொட்டுகிறது, நேரம் கிடைக்கும்போது ஒருமுறை வந்து பார்க்க முடியுமா என்று கிளி சொன்னாள். கடைசியில், பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்ட ஒரு பணிவுச் சொல்லையும் சேர்த்தாள். அந்த மொழியில் கீழே இருப்பவர் மேலே இருப்பவரிடம் உதவி கேட்டு முடிக்கும்போது சொல்வது அது. துணி கொடுக்க வருகிறவர்கள் தையல்காரியிடம் அதைச் சொல்ல மாட்டார்கள், அதனால் கடையில் அது அம்மா காதில் விழுந்ததே இல்லை. மறுநாளே கூரை சரியானது. "நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்டேன், ஓடி வந்தான் பாரு" என்று அம்மா வீடு வீடாகச் சொன்னாள். மின்சார ஆபீஸ், பள்ளிக்கூடம், டாக்டர் எல்லா இடத்திலும் இதே கதைதான். தன் வாய்க்கு இந்த நாடே பயப்படுகிறது என்று அம்மா நம்பினாள்.

அதற்கெல்லாம் கிளிக்கு அம்மாவிடமிருந்து கிடைத்த கூலி ஒரே ஒரு பதில். அவளுக்குப் பதின்மூன்று வயதில் பாட்டு டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார். இந்தக் குரல் எல்லோருக்கும் அமையாது, தங்கிப் படிக்கும் இசைப்பள்ளியில் இலவசமாக இடம் வாங்கித் தருகிறேன் என்றார். "இவங்க பாட்டைப் பாடி எங்க வீட்டுப் பொண்ணு என்னத்தைக் கிழிக்கப் போறா? வேண்டாம்னு சொல்லு" என்றாள் அம்மா. கிளி அதை அப்படியே சொன்னாள். டீச்சர் முகம் சிவந்தது. அதோடு சரி.

மேலாளர் சொன்ன நேரத்துக்கு வந்தார். டை கட்டியிருந்தார். இஸ்திரி மேசையைச் சுற்றி மூன்று ஸ்டூல். கிளி தொழில்முறைப்படி அம்மாவுக்குச் சற்றுப் பின்னால் பக்கவாட்டில் உட்கார்ந்தாள். பேசுகிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டும், இடையில் இருப்பவளைப் பார்க்கக் கூடாது என்பதற்காக அந்த இடம். இன்னொரு விதியையும் இருவருக்கும் விளக்கினாள். 'அவர் சொல்கிறார்' என்று அவள் சொல்ல மாட்டாள். பேசுகிறவர் 'நான்' என்றால் இவளும் 'நான்' என்றே சொல்வாள்.

மேலாளரின் ஆரம்பம் நன்றாகவே இருந்தது. பழைய வாடகைதாரர்களை மதிக்கிறோம், ஆனால் இந்த இடத்தை போன் கடைக்காரர் ஒருவரும் கேட்கிறார், உங்கள் எண்ணம் என்ன என்றார்.

அம்மா கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை இரண்டு பக்கமும் இழுத்துச் சரிசெய்துகொண்டாள். சண்டைக்கு முன்னால் அவள் செய்வது அது.

"போன் விக்கறவனுக்கு நாலு சுவர் எங்க வேணாலும் கிடைக்கும். நான் போனா இந்தத் தெருவுல ஒருத்தனுக்கும் பேன்ட் இடுப்புல நிக்காது. வாடகையில ஒரு சல்லி ஏத்தினாலும் சாவியை உன் மூஞ்சியில எறிஞ்சிட்டுப் போயிக்கிட்டே இருப்பேன்னு சொல்லு. எனக்கு ஆயிரம் கடை."

கிளி கோர்ட்டில் பேசும் அதே சமமான குரலில் அதைச் சொன்னாள். பேன்டை விடவில்லை. மூஞ்சியை விடவில்லை. ஆயிரம் கடையையும் விடவில்லை. ஒவ்வொரு சொல்லும் வெளியே போகப் போக உள்ளே ஏதோ ஒன்று இனித்தது.

மேலாளர் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். பிறகு, இப்படி வெளிப்படையாகச் சொன்னது நல்லதாகப் போயிற்று, வேலை சுலபமாகிவிட்டது, மாதக் கடைசியில் சாவியைக் கொடுத்தால் போதும், எறிய வேண்டியதில்லை என்றார்.

கிளி அதையும் அப்படியே தமிழில் சொன்னாள்.

அம்மா புரியாமல் அவர் முகத்தைப் பார்த்தாள். இந்த இடத்தில் ஆள் இறங்கி வர வேண்டும். எப்போதும் அப்படித்தான் நடந்திருக்கிறது. அவள் திரும்பி மகளைப் பார்த்தாள்.

"என்னடி சொன்ன?"

"நீ சொன்னதைத்தான்."

"இல்ல. கடைசியில எப்பவும் ஒண்ணு சொல்லுவியே. இன்னிக்கு அது வரலையே." அம்மா அந்தப் பணிவுச் சொல்லைச் சத்தமில்லாமல் உதட்டால் மட்டும் சொல்லிக் காட்டினாள். ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. "அவங்க பேச்சு அப்படித்தான் முடியும்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

"அது நான் சேர்த்தது. நீ சொன்னதில்ல. அதுக்கு முன்னாடி இருந்ததுலயும் பாதி நீ சொன்னதில்ல."

அம்மாவின் முகத்தில் வருடங்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போவது தெரிந்தது. மின்சார ஆபீஸ், டாக்டர், கூரை. கிளி பார்த்துக்கொண்டே இருந்தாள். இதைப் பார்க்கத்தான் வந்திருந்தாள். ஆசை தீரப் பார்த்தாள்.

"அப்ப இத்தனை வருஷமும் லைனிங் வச்சுத் தச்சுக் குடுத்திருக்க" என்றாள் அம்மா மெதுவாக. நாடாவை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். பிறகு கேட்டாள்:

"அந்தப் பாட்டு டீச்சர்கிட்ட பேசினப்பவும் அந்தச் சொல் வரல. அவங்ககிட்ட மட்டும் ஏன்டி வைக்கல?"

அன்று கிளியின் கையில்தான் எல்லாச் சொற்களும் இருந்தன. அம்மா யோசிக்கிறாள், வீட்டில் பேசிவிட்டு வருகிறோம் என்று சொல்லியிருக்கலாம். எத்தனையோ பேரிடம் எத்தனையோ மாற்றிச் சொன்னவள்தான். அன்று கோபம். எப்படிப்பட்ட அம்மாவுக்குப் பிறந்திருக்கிறேன் என்று டீச்சர் தெரிந்துகொள்ளட்டும் என்று, உரித்து வைத்தது மாதிரி அப்படியே சொன்னாள். அம்மாவுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. போனது இவள் பாட்டு.

என்ன பேசுகிறீர்கள் என்று மேலாளர் கேட்டார். அவர் எதிரில் பேசியதையெல்லாம் அவருக்குச் சொல்ல வேண்டும் என்பது விதி. அது எங்கள் வீட்டு விஷயம் என்று மட்டும் கிளி சொன்னாள். தொழிலுக்கு வந்தபிறகு அவள் மொழிபெயர்க்காமல் விட்ட முதல் பேச்சு அது.

அம்மா காத்திருக்கவில்லை. ஸ்டூலை மேலாளர் பக்கம் நகர்த்தினாள். கடையில் பழகிய அந்த மொழியின் சில்லறைச் சொற்களை வைத்துக்கொண்டு பேசினாள். "கடை. நான். ஒரு வருஷம்." பிறகு தலையைக் கொஞ்சம் குனிந்து, அந்தப் பணிவுச் சொல்லைச் சொன்னாள். பதின்மூன்று வயதுக் கிளி சொல்வதைப் போலவே இருந்தது. அதே இழுப்பு, அதே இறக்கம்.

மேலாளர் தடுமாறினார். பேனாவைத் திறந்து மூடினார். ஒரு வருடம் என்றால் பார்க்கலாம், வாடகை ஏறும், அதற்குமேல் வாக்குத் தர முடியாது என்றார். கிளி மொழிபெயர்த்தாள். அம்மா தலையாட்டினாள். தலை குனிந்த அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று கிளி எத்தனையோ முறை நினைத்ததுண்டு. பார்த்தாகிவிட்டது. ஆனால் அந்தக் குனிவு தன்னை நோக்கி இல்லை என்பது எரிந்தது.

மேலாளர் போனபிறகு அம்மா இஸ்திரிப் பெட்டியை பிளக்கில் மாட்டினாள். சூடாகிறதா என்று ஈர விரலால் தொட்டுப் பார்த்தாள். திரும்பாமலே கேட்டாள்:

"வேற என்னல்லாம் சேர்ப்ப? இனிமே நானே பேசிக்கணும். மத்ததையும் சொல்லிட்டுப் போ."

கிளி பையைத் தோளில் போட்டாள்.

"மறந்துபோச்சும்மா."

கிளி தெருவில் இறங்கி நடந்தாள். வீட்டுக்காரரிடம் சொன்னது, டாக்டரிடம் சொன்னது, மின்சார ஆபீசில் சொன்னது என்று எல்லாம் வரிசையாக நாக்கு நுனிக்கு வந்தன. பாட்டு டீச்சரிடம் சொல்லாமல் விட்டதும் கடைசியாக வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். ஒன்றையும் வெளியே விடவில்லை.