முதல் அண்டை வீடு

வில்கன் செத்த செய்தியை அவர் மனைவி ஆல்வினெ முதலில் என்னிடம்தான் வந்து சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் நேர் எதிரே இருப்பது முதல் அண்டை வீடு. பிணத்தைக் கழுவுவது, வீடு வீடாகப் போய்ச் சாவு சொல்வது, தொழுவத்து மாடுகளிடமும் சொல்வது, எல்லாம் அந்த வீட்டார் பொறுப்பு. என்ன பகை இருந்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது.

"கெசீனெ, அவர் போயிட்டார்," என்றாள், படி ஏறாமல் பனியில் நின்றபடியே. "நீ வரணும்."

"வரேன்," என்றேன். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப் போகிறது?

இரண்டு வருடம் முன்பு, ஏப்ரலில், ஆங்கிலேயரின் டாங்கிகள் பக்கத்து ஊர் வரை வந்துவிட்டன. ஊர் எரியாமல் பிழைக்கட்டும் என்று என் கணவர் ஹார்ம், சரணடைகிறோம் என்பதற்கு அடையாளமாக எங்கள் வெள்ளை மேசை விரிப்பைத் தேவாலயக் கோபுரத்தில் கட்டினார். அன்று மத்தியானம் வந்ததோ ஆங்கிலேயர் அல்ல, எங்கள் நாட்டுப் படையினர். மீசைகூடச் சரியாக முளைக்காத ஓர் அதிகாரி எல்லாரையும் சதுக்கத்தில் நிறுத்தி, கட்டியது யார் என்று கேட்டான். மிரட்டவில்லை, ஒரே ஒரு தடவைதான் கேட்டான். வில்கன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு என் கணவர் பெயரைச் சொன்னார். குளத்துச் சுவரோரம் ஹார்மைச் சுட்டார்கள். மறுநாள் காலை ஆங்கிலேயர் வந்தபோது எல்லா வீட்டு ஜன்னலிலும் வெள்ளைத் துணி தொங்கியது.

அப்போது எனக்கு முதல் அண்டை வீடு வில்கன் வீடு. ஆல்வினெ வந்து ஹார்மைக் கழுவினாள். வில்கன் சவப்பெட்டியின் முன்பக்கத்தைத் தோளில் சுமந்தார். அந்த வருடமும் அடுத்த வருடமும் என் நிலத்தை அவரே உழுது கொடுத்தார், ஆண் இல்லாத வீட்டுக்கு அதுவும் செய்ய வேண்டும் என்பதால். கடமை தவறாத மனுஷன் என்று ஊர் மெச்சியது. தேவாலயப் பதிவேட்டில் மூப்பர் லோமையர் ஹார்மைப் பற்றி 'போரில் மாண்டார்' என்று எழுதி மையை ஒற்றினார். ஆங்கிலேயர் விசாரித்தபோது, சதுக்கத்தில் நின்ற ஒருவர் காதிலும் எதுவும் விழுந்திருக்கவில்லை. என்னை யாரும் கேட்கவில்லை. நானாகப் போய்ச் சொல்லவுமில்லை. அது உழவு நேரம்.

ஆனால் எங்கள் வழக்கப்படி, சாவு சொல்ல வருகிறவளை வாசலில் யாரும் தடுத்துப் பேசக் கூடாது. பதினோரு வீடு இருக்கிறது. ஒவ்வொரு வாசலிலும், "வில்கன் செத்துட்டார், என் புருஷனைக் காட்டிக்கொடுத்த வில்கன்" என்று சொல்லிவிடுவதென்று தீர்மானித்தேன். ஒரே ஒருவர் ஆமாம் என்றால் போதும் எனக்கு.

முதல் வாசல் லோமையருடையது.

"லோமையர், வில்கன் செத்துட்டார்," என்று ஆரம்பித்தேன்.

"அடடா! நெஞ்சுச் சளின்னுதானே சொன்னாங்க," என்றார். என் செருப்பைப் பார்த்தார். "இந்தக் குளிர்ல மரக்கட்டைச் செருப்போடவா அலையற? உழவைப் பத்திக் கவலப்படாதம்மா. மார்ச்சுல என் குதிரைங்க வரும். நாங்கல்லாம் எதுக்கு இருக்கோம்?"

வாயில் இருந்த மீதியை விழுங்கிவிட்டேன். இரண்டாவது வீட்டில் ஒரு வண்டி விறகு தருவதாகச் சொன்னார்கள். மூன்றாவது வீட்டில் விதை உருளைக்கிழங்கு. ஆற்று மீன்கூட உறைந்து கிடந்த பஞ்ச வருடம் அது. பதினோராவது வாசலில், "நல்ல மனுஷன்" என்று நானே சொல்லிக்கொண்டிருந்தேன். சீ, என்ன பிறவி நான் என்று வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு திரும்பினேன்.

மிச்சமிருந்தது மாடுகள். வில்கன் தொழுவத்தில் நான்கு நின்றன. ஒவ்வொன்றின் கொம்பையும் தொட்டு, "உங்க எஜமான் செத்துட்டார்" என்றேன். நான்காவது மாடு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. அதனிடம் எனக்கென்ன பயம்?

"என் ஹார்மைக் கொன்னவர் செத்துட்டார்," என்றேன். "பேரச் சொன்னது அவர்தான். கேட்டுக்கோ. இந்த ஊர்ல உங்கிட்ட மட்டுந்தான் சொல்ல முடியுது."

பின்னால் வாளி சத்தம் கேட்டது. கதவருகே ஆல்வினெ நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது.

"தண்ணி சூடாயிருச்சு," என்றாள்.

இருவருமாக வில்கனைக் கழுவினோம். அவள் பிடித்துக்கொள்ள நான் சவரம் செய்தேன்.

அடக்கம் முடிந்து காபிக்கு எல்லாரும் வில்கன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தோம். பெட்டி தூக்கியவர்களுக்கும் அண்டை வீட்டாருக்கும் விதவை எழுந்து நன்றி சொல்ல வேண்டும். ஆல்வினெ எழுந்தாள்.

"தூக்கினவங்களுக்கு நன்றி. கெசீனெக்கு நன்றி. அன்னைக்குச் சதுக்கத்துல அவ புருஷன் பேரச் சொன்னது என் வீட்டுக்காரர்தான். நான் பக்கத்துலயே நின்னேன். நீங்களும்தான் நின்னீங்க, ஒருத்தர் பாக்கியில்லாம. அவ அதெல்லாம் தெரிஞ்சேதான் அவரைக் கழுவினா. லோமையர், அதத் தேவாலயப் புத்தகத்துல எழுதுங்க."

கரண்டிச் சத்தம் நின்றது.

"துக்கத்துல என்னமோ உளறுது, பாவம்," என்றாள் லோமையரின் மனைவி.

லோமையர் ஆல்வினெ பக்கம் திரும்பவே இல்லை. என்னைப் பார்த்தார். "கெசீனெ, இது உன் வீட்டு விஷயம். நீயே சொல்லு. அப்படியா நடந்துச்சு? ஆமான்னு சொல்லு, நாளைக்கே எழுதிடறேன்." குரல் ரொம்ப மென்மையாகத்தான் இருந்தது.

பதினோரு வீடும் என்னைப் பார்த்தது. குதிரை வைத்திருப்பவர்கள், விறகு வண்டி வைத்திருப்பவர்கள், இலையுதிர் காலத்தில் என் பன்றியை அறுத்துத் தருபவர்கள். ஆல்வினெ மட்டும் உட்காரவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தாள். ஒரு வார்த்தை, அவ்வளவுதான். அதைத்தான் இரண்டு வருடமாக நான் ஊர் வாயிலிருந்து எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

"காபி ஆறுது, ஆல்வினெ," என்றேன். "உக்காருங்க."

அவள் மெதுவாக உட்கார்ந்தாள். கூடத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சுவிட்டது எனக்குக் கேட்டது. யாரோ இந்த வருடப் பனியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். லோமையரின் மனைவி எல்லாரையும் தாண்டி வந்து என் தட்டில் கேக்கின் பெரிய துண்டை வைத்தாள். "சாப்பிடும்மா, இளச்சுப் போயிட்ட," என்று தோளைத் தடவினாள். நிஜ வெண்ணெய் போட்டு ஆல்வினெ சுட்ட கேக். ஒரு பொடி விடாமல் தின்றேன்.