பத்மஜாவுக்கு வாசித்துக் காட்டாத பக்கம்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்னுடையது. மூன்று வருடத்துக்கு முன்னால், என் மனைவி பத்மஜாவின் அப்பா இருமி இருமியே இறந்துபோன மறுவாரம், பவானிபூர் வீட்டில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "சிகரெட்டை விட்டாச்சு." உண்மையில் விட்டது போன மாதம் நாலாம் தேதி.

[இதைக் கடைசிவரை ஒளித்துவைப்பதுதான் கெட்டிக்காரத்தனம். சிகரெட் விட்டு ஐந்தே வாரம் ஆனவனிடம் அந்தப் பொறுமையை எதிர்பார்க்காதீர்கள். இந்தப் பக்கம் உங்களுக்கு மட்டும்.]

2

முதல் முயற்சி: ஹவுரா படகுத்துறைக்கு வெளியே, பெட்டிக்கடையில் எந்நேரமும் புகைந்துகொண்டு தொங்கும் கயிற்றின் நுனியில் ஜெய்ராம் ஒன்றைப் பற்றவைத்தான். வாடையை ஆற்றுக்காற்று பார்த்துக்கொள்ளும் என்று —

வேண்டாம். கயிறு என்று எழுதும்போதே வாய் ஊறுகிறது.

இரண்டாம் முயற்சி: ஜெய்ராமுக்கு நாற்பத்தாறு வயது. ஐந்து வாரமாக இருமல் நிற்கவில்லை. விரல் நுனியெல்லாம் ஊசி குத்துகிறது. நாக்கில் புண். படியேறினால் தலை சுற்றுகிறது.

இது நிற்கட்டும். ஜெய்ராம் யார் என்று நீங்கள் கேட்கப்போவதில்லை.

3

டாக்டர் கேட்டார்: "சிகரெட் உண்டா?"

ஜெய்ராமின் மனைவி* முந்திக்கொண்டாள். "அதெல்லாம் விட்டு மூணு வருஷம் ஆச்சு, டாக்டர்பாபு!" என்றாள் வங்காளத்தில். அவள் குரலில் அவ்வளவு பெருமை.

"சமீபத்தில் விட்டிருந்தால் இதெல்லாம் கொஞ்ச நாள் இருக்கும், தானே போய்விடும் என்று சொல்லியிருப்பேன்," என்றார் டாக்டர். "மூன்று வருடம் என்றால் கணக்கு வேறு." நெஞ்சுக்கு ஸ்கேன் எழுதினார். திங்கட்கிழமை காலை.

ஜெய்ராம் சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

[இப்படி ஒருவன் இருப்பானா? எனக்கே சந்தேகமாகத்தான் இருந்தது. பிறகு கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன்.]

* இவளுக்குப் பெயர் வைக்கவில்லை. எந்தப் பெயர் வைத்தாலும் பத்மஜா நிமிர்ந்து பார்ப்பாள்.

4

இன்று ஞாயிறு. பத்மஜா பக்கத்து அறையில் ரவிக்கை தைக்கிறாள். நான் இருமும்போதெல்லாம் தையல் மெஷின் நின்றுவிடுகிறது. கொஞ்சம் பொறுத்து மறுபடி ஓடுகிறது. அவள் அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது என்று நினைத்துக்கொள்கிறாள். நான் தலையணையில் முகத்தை அழுத்தி இருமிப் பார்த்தேன். அதற்கும் நின்றது.

ஒரு வாக்கியம் சொன்னால் அவள் பயம் பாதி போய்விடும். பாதிதான். இருமல், சிகரெட்டை விட்டதால் வந்ததா, இருபத்திரண்டு வருடம் பிடித்ததால் வந்ததா என்று யாருக்குத் தெரியும்? எனக்குப் பயமாக இருக்கிறது. வெட்கமாகவும் இருக்கிறது. எது முதலில் வந்தது என்று —

5

முடிவு அ: ஸ்கேனில் ஒன்றுமில்லை. பொய் தப்பித்துக்கொள்கிறது.

முடிவு ஆ: ஸ்கேனில் ஏதோ இருக்கிறது. அப்போது அவன் —

முடிவு இ: ஜெய்ராம் இன்றே சொல்லிவிடுகிறான். அவள் முதலில் சிரிக்கிறாள். (இல்லை.) அவள் எழுந்து போய்விடுகிறாள். (பதினேழு வருடம் கூட வாழ்ந்துவிட்டு, அவள் என்ன செய்வாள் என்றுகூடத் தெரியவில்லை.)

6

பத்மஜா பிறந்தது, படித்தது எல்லாம் இங்கேதான். தமிழ் பேசுவாள், வங்காளம் படிப்பாள், தமிழ் எழுத்து தெரியாது. ஆகவே எந்தக் கதை எழுதினாலும் அவளுக்கு வாசித்துக் காட்டுவது வழக்கம். இன்றும் டீயோடு வந்து உட்கார்ந்தாள். முதல் தாளை முழங்கைக்கு அடியில் தள்ளிவிட்டு, வெட்டியதையும் அடைப்புக்குறிகளையும் தாண்டி, ஜெய்ராம் வரும் இடங்களை மட்டும் வாசித்தேன். நடுவில் இரண்டு தரம் இருமினேன். முதுகில் கை வைத்தாள்.

டாக்டர் அறையோடு நிறுத்திக்கொண்டேன்.

"அவ்வளவுதானா?"

"இன்னும் முடிக்கலை."

"அது சரி. நீங்க 'ரெண்டு'ன்னுதானே ஆரம்பிச்சேள்? ஒண்ணு எங்கே?"

எண்ணையும் சேர்த்து வாசித்துத் தொலைத்திருக்கிறேன்.

"ஒண்ணு சரியா வரலை. கிழிச்சுப்போட்டுடலாம்னு…"

முழங்கையை நகர்த்தித் தாளை எடுத்தாள். தலையில் இருந்த எண்ணைப் பார்த்தாள். கீழே இருந்த, தனக்குத் தெரியாத எழுத்துகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என் கையில் கொடுத்தாள்.

"சரியா வராட்டா பரவாயில்லை. இருக்கறபடியே வாசிங்கோ."

தாள் என் கையில் இருக்கிறது. வேறொரு முதல் பக்கத்தை இந்த நிமிடமே கட்டிச் சொல்லவும் எனக்கு வரும், இதுதானே என் பிழைப்பு. அவளுக்குத் தெரியப்போவதில்லை. இதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். நான் வேறு எதையாவது வாசித்தால் நிறுத்துங்கள்.

"இந்தக் கதை ஒரு…"