முதல் குண்டு சுடும் மரியாதை

என் தங்கை மார்வாவின் புருஷன் ஆர்லன், தன் பிக்கப் வண்டியின் கதவைக்கூட அடுத்தவனைத் திறக்க விடமாட்டான். அப்படிப்பட்டவன், கராஜில் தானே பாகம் சேர்த்துப் பூட்டிய துப்பாக்கியால் முதல் குண்டு சுடும் மரியாதை எனக்குத்தான் என்று அறிவித்ததும் எனக்குச் சந்தேகம் தட்டியது.

மறுநாள் மான் வேட்டை தொடக்கம். பக்கத்துப் பண்ணைக்காரர்கள் சிலர் கையில் பீரோடு வீட்டின் பின்புறம் நின்றிருந்தார்கள். ஆர்லன் சொற்பொழிவில் இறங்கினான். கடையில் வாங்குகிறவன் வெறும் வாடிக்கையாளனாம். தானே பூட்டுகிறவன்தான் மொன்டானாக்காரனாம். பூட்டியது என்றால், பழைய துப்பாக்கியின் உடலில் தபாலில் வந்த புதுக் குழலைத் திருகி, நட்டை முறுக்கியது. கேட்டால் இரும்பையே அவன்தான் தோண்டி எடுத்தான் போலிருக்கும்.

பேசிக்கொண்டே ஆள் பின்பக்கமாக நகர்வதைக் கவனித்தேன். பின்னால் விறகுக் குவியல்.

"ஹெட்ஸ்பேஸ் பாத்தியா மாப்ளே?" என்று கேட்டேன்.

தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டை மூடினால் தோட்டா ஆடாமல் உட்கார வேண்டும். இடைவெளி கூடினால் பித்தளைக் கூடு கிழிந்து, நெருப்பு சுடுகிறவன் முகத்துக்கே திரும்பும். அன்றைக்கு அந்த முகம் என்னுடையது.

"பாக்காம இருப்பனா? யாரைப் பாத்து என்ன கேக்குற மச்சான்!"

"எதை வச்சுப் பாத்தே?"

"கோ கேஜை உள்ள வச்சு. போல்ட் வழுக்கிக்கிட்டு மூடுச்சு." தோட்டா அளவுக்குக் கடைந்த இரும்புக் கட்டைதான் கோ கேஜ்.

"அதுக்கு மூடணும், சரி. அதைவிடக் கொஞ்சூண்டு நீளமா, மூடவே கூடாத கேஜ் ஒண்ணு இருக்கே, நோ-கோ?"

"அது பயந்தாங்கொள்ளிங்க வாங்குறது."

பக்கத்துப் பண்ணை டெல்மர் பீரை விழுங்காமல் வாயிலேயே வைத்திருந்தான்.

"நட்டை முறுக்குறதுக்கு முன்னாடி பாத்தியா, பின்னாடியா?" என்றேன் நான்.

ஆர்லன் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டினான். "முன்னாடி. அதுக்கப்புறம் அது எங்க ஓடிடப் போகுது?"

ஓடத்தான் செய்யும். நட்டு இறுகும்போது குழலும் கூடவே மயிரிழை நகரும். அந்த மயிரிழை போதும்.

அவனிடமிருந்து கேஜை வாங்கினேன். கைக்குச் சரியாகத் தெரியட்டும் என்று போல்ட்டில் தோட்டாவை அடிக்கும் ஊசியைக் கழற்றி வைத்தேன். கேஜின் பின்புறம் செலோடேப்பை இரண்டு மடிப்பு ஒட்டி உள்ளே விட்டேன். நோ-கோ வாங்க மனசு வராதவர்கள் இந்தப் பக்கம் செய்கிற வித்தை அது. போல்ட் முரண்டு பிடிக்க வேண்டும். ஒற்றை விரலால் தள்ளினேன். சமர்த்தாக மூடிக்கொண்டது. இடைவெளி அதிகம்தான்.

"டேப்பு மட்டம்," என்றான் ஆர்லன்.

"நீங்க வாங்கினதுதான்," என்றாள் சமையலறை வாசலில் நின்ற மார்வா. "தெரிஞ்சேதான் எங்க அண்ணனை நிக்க வச்சீங்களா?"

"ஐயோ, தெரியாது! தெரியாததுனாலதானே..." நாக்கைக் கடித்துக்கொண்டான். "துப்பாக்கியைப் பழைய டயர்ல கட்டி, தூர நின்னு விசையைக் கயித்தால இழுத்துப் பாக்கலாம்னுதான் இருந்தேன். இவனுங்க பாத்துடுவானுங்களே! சொந்தத் துப்பாக்கியவே நம்பாதவன்னு தீவனக் கடையில வருஷம் பூரா சிரிப்பானுங்க."

தீவனக் கடையில் அவன் மானத்துக்கு என் கண் இரண்டும் ஈடு.

நட்டைத் தளர்த்தினோம். குழலைக் கேஜில் முட்டும்வரை திருகி, நட்டை இறுக்கி, பிறகு பார்த்தோம். வெறும் கேஜுக்கு மூடியது. டேப் ஒட்டியதும் பாதியிலேயே நின்றுவிட்டது. ஊசியைத் திரும்ப மாட்டினேன்.

"இப்ப சரிதானே? சுடு மச்சான்."

"வேலை உன்னோடது, மரியாதையும் உனக்கே மாப்ளே."

துப்பாக்கியைக் கையில் வாங்கியவன், கடிக்குமா கடிக்காதா என்று தெரியாத நாயைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தான். மார்வா போய், துணி காயும் கொடியை அவிழ்த்துக்கொண்டு வந்தாள்.

அத்தனை பேர் பார்க்க, அவனே டயரில் கட்டினான். அவனே இழுத்தான். வெடித்தது. கூட்டை எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு கீறல் இல்லை. நெஞ்சு தானாக நிமிர்ந்தது.

"பாத்தீங்களா?" என்று திரும்பினான்.

டெல்மர் அதற்குள் வண்டியைக் கிளப்பியிருந்தான். தீவனக் கடை மூடுவதற்குள் போய்ச் சேர வேண்டுமாம்.