கம்பெனி போட்டபடி

பேரப்பிள்ளையை என் காரில்தான் வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்துவிட்டு, பிள்ளை பிறக்க ஐந்து மாதம் இருக்கும்போது தையல்காரம்மாவின் புருஷன் கண்ணை மூடிவிட்டார். சரி, நாமாவது கூட்டிவருவோம் என்று பார்த்தால், மகள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே கறாராகச் சொல்லிவிட்டாள்.

“அந்த எண்ணெய் நாத்தம் புடிச்ச வண்டியில என் புள்ளைய ஏத்தவே மாட்டேன். டாக்ஸி வச்சுக்கறோம். நீ சும்மா இரும்மா.”

சும்மா இருக்கிற ஆளா தையல்காரம்மா? டிஸ்சார்ஜுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. அதற்குள் நாற்றத்தை ஒழித்துக்கட்டுகிறேன் பார் என்று கிளம்பிவிட்டாள்.

நாற்றம் எங்கிருந்து வருகிறது என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? இஞ்சினுக்குள் சேரும் எண்ணெய்ப் புகையை ஒரு ரப்பர் குழாய் ஏர் ஃபில்டர் பெட்டிக்குக் கொண்டுபோகும். புகை திரும்பவும் இஞ்சினுக்குள் போய் எரிந்துவிடும். பிரீதர் ஹோஸ் என்பார்கள். கம்பெனிக்காரன் யோசித்துச் செய்த ஏற்பாடு. அவள் புருஷனுக்கு அது பொறுக்கவில்லை. “தான் விட்ட மூச்சத் தானே இழுக்கணுமா? பாவம்டி அது!” என்று இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் குழாயைக் கழற்றி எறிந்தார். வேறொரு குழாயை மாட்டி, அதன் நுனியை ஒரு ஷாம்பு பாட்டிலுக்குள் விட்டு, கம்பியால் கட்டிவைத்தார். டார்ச் பிடித்தது இவள்தான். கை ஆடினால் திட்டு. ஆடாவிட்டால், “என்ன, தூங்கிட்டியா?”

பாட்டிலில் கசிந்த புகை நேரே காருக்குள் வந்தது. மகள் பள்ளிக்கூட வாசலில் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவாள். அவர் மட்டும், “என்ன நாத்தம்? எனக்கு ஒண்ணும் தெரியலையே!” என்பார். எப்படித் தெரியும்? சட்டை, துண்டு, தலையணை எல்லாவற்றிலும் அதே வாசம்தானே.

பழைய உதிரிபாகக் கடைகள் மூன்றில் ஏறி இறங்கி, துணி அளக்கும் டேப்பாலேயே அளந்து பார்த்து, அதே வளைவுள்ள குழாயை வாங்கிவந்துவிட்டாள். பாட்டிலைக் கழற்றினாள். ஏர் ஃபில்டர் பெட்டியின் உள்ளே துணியால் பளிச்சென்று துடைத்தாள். குழாயை இரண்டு பக்கமும் மாட்டி இறுக்கினாள். கம்பெனி போட்டபடியே ஆயிற்று என்று பெருமையோடு வண்டியைக் கிளப்பினாள்.

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. எண்ணெய் அளவு பார்க்கும் கம்பி படக்கென்று எகிறி, இஞ்சின் முழுக்க எண்ணெய் பீறிட்டது. நாற்றம் குறைய வேண்டியதற்குப் பதில் இரண்டு மடங்காயிற்று. விடிந்தால் டிஸ்சார்ஜ். எதிர்வரிசை மெக்கானிக்கைக் கூப்பிட ஓடினாள். தெருவில் அவனுக்கு நெட்டை என்றுதான் பெயர்.

நெட்டை ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து, குழாய் வந்து சேரும் ஓட்டையை உள்பக்கமாகப் பார்த்தான். சிரித்துவிட்டான்.

“ஏங்க்கா, போற வழிய அடைச்சு வச்சா புகை எங்கதான் போகும்? இந்த ரப்பர ஏன் எடுக்கல?”

“அது கம்பெனி போட்டதுப்பா. வண்டியோடவே வந்தது.”

“கம்பெனியா? நல்லாப் பாருங்க. மருந்து பாட்டில் மூடி! பழைய குழாயக் கழட்டுனப்போ ஓட்டைய அடைக்க மாமா செஞ்ச வேலைதான் இது. பிளேடால என்னமா செதுக்கியிருக்காரு!”

தையல்காரம்மா குனிந்து பார்த்தாள். இத்தனை வருஷம் அவள் துடைத்துத் துடைத்து வைத்த ரப்பர். சற்று முன்னாலும் துடைத்தாளே! டார்ச் பிடித்தவளுக்கே மறந்துபோயிருந்தது. வண்டியோடு வந்தது எது, அவர் செய்தது எது என்று பிரித்துப் பார்க்க அவளுக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது.

“எடுத்துடட்டுமாக்கா?”

“எடுத்துடு” என்றாள், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. இஞ்சினில் வழிந்த எண்ணெயையும் சீட்டுகளையும் இரவோடு இரவாகச் சோப்புப் போட்டுத் துடைத்தெடுத்தாள்.

மறுநாள் ஆஸ்பத்திரி வாசலில் மகள் கைக்குழந்தையோடு டாக்ஸிக்காக நின்றுகொண்டிருந்தாள். தையல்காரம்மா காரைக் கொண்டுபோய் அவள் முன்னால் நிறுத்தினாள்.

“ஒரே ஒரு தடவ ஏறிப் பாருடி. நாத்தம் அடிச்சா அடுத்த நிமிஷம் இறங்கிக்கோ.”

மகள் சந்தேகத்தோடுதான் ஏறினாள். இரண்டு சிக்னல் தாண்டியாயிற்று. கண்ணாடியில் பார்த்தால், பின்சீட்டில் முகத்தைப் புதைத்து மோந்துகொண்டிருந்தாள்.

“என்னடி, இன்னும் அடிக்குதா?”

“இல்லம்மா. சுத்தமா இல்ல.” மகளின் குரல் உடைந்துவிட்டது. “அப்பா வாசனையே போயிடுச்சும்மா. நீ உக்காந்திருக்கியே, அப்பா சீட்டு, அதுல கொஞ்சம் மோந்து பாரேன். அங்கயாவது ஒட்டிக்கிட்டிருக்கும்.”

“காலையிலேயே பார்த்துட்டேன்டி” என்றாள் அம்மா.