முழுப்பேர்

2008ஆம் ஆண்டு இலங்கை மலையகத்து நோட்டன் பிரிட்ஜில் திறக்கப்பட்ட கணினி நிலையத்தின் சுவரில், ‘கடவுச்சொல்லை நுழையவும்’ என்று எழுதியிருந்தார்கள். நுழைதல் தன்வினை, அது செயப்படுபொருளை ஏற்காது. ஓய்வுபெற்ற ஆசிரியனாகிய நான் பலமுறை சொல்லியும் பொறுப்பாளர் குகநேசன் அதைத் திருத்தவில்லை. ஆயினும், முதியோருக்குக் கணினி பழக்க ஞாயிறுதோறும் அங்கே சென்றுவந்தேன்.

ஒரு ஞாயிறன்று பேச்சியம்மா வந்தார். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். மகள் சண்முகவடிவு குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தாள். தொலைபேசியில் அவள் எப்போதும் ‘நல்லாருக்கேன்’ என்று மட்டுமே சொன்னாள். தாய் அதை நம்பவில்லை. முகத்தைப் பார்க்க விரும்பினார்.

பதிவு செய்வதற்காகக் குகநேசன் கேட்டார்: “உங்கட முழுப்பேரைச் சொல்லுங்கோ அம்மா.”

“முழுப்பேரு எங்கங்க தம்பி? கை தளந்த பொறவு அரைப்பேருதானே போட்டாங்க.”

“அப்ப அரைப்பேர் அம்மா எண்டு பதியட்டோ?”

அறையே சிரித்தது. எனக்குச் சினம் மூண்டது. குகநேசனிடம் சொன்னேன்:

“சிரிக்க இதிலை ஒண்டுமில்லை, தம்பி. குறிச்ச அளவு கொழுந்து எடுத்தால் முழுநாள் சம்பளம், அது முழுப்பேர். குறைஞ்சால் பாதி, அது அரைப்பேர். இந்த மலையிலை இருந்துகொண்டு இது தெரியாதோ?”

குகநேசன் குவைத் வீட்டுக் கணினிக்குக் காணொளி இணைப்பை ஏற்படுத்தினார். திரையில் சண்முகவடிவு தோன்றினாள். கன்னம் ஒட்டியிருந்தது. அவளுக்குப் பின்னால் அவ்வீட்டுச் சாரதி நின்றான்.

“அந்த ஆளு யாருடி?”

“டிரைவரும்மா. இந்தியாக்காரரு. தமிழ் நல்லா தெரியும்.”

“நல்லாருக்கியா?”

“நல்லாருக்கேம்மா.”

பேச்சியம்மா திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனார். பிறகு, கொழுந்து மலையில் பக்கத்து நிரைக்காரியை விசாரிப்பவர்போலக் கேட்டார்:

“முழுப்பேராடி?”

மகள் திரும்பிச் சாரதியைப் பார்த்தாள்.

“அரைப்பேருதாம்மா. பெரட்டுக்குப் போனா, லயத்துக்கு வுட மாட்டேங்குறாங்க.”

சாரதியின் முகத்தில் எம்மாற்றமும் இல்லை. தோட்டத்துப் பெரட்டு, அதாவது காலையில் ஆட்களைக் கூட்டி வேலைக்கு அனுப்பும் வழக்கமும், லயம் என்னும் தொழிலாளர் வீட்டு வரிசையும் அவன் அறியாதவை.

“சரி, ஒடம்ப பாத்துக்க. மழ வர்றாப்புல இருக்கு, நான் கெளம்புறேன்.”

வெளியே நல்ல வெயில். திரை அணைந்த பின்னும் பேச்சியம்மா எழுந்திருக்கவில்லை.

“தம்பி, புள்ளய அடைச்சு வச்சிருக்காங்க. கூட்டியார யாருக்குங்க எழுதணும்?”

குகநேசன் வெளிநாட்டு வேலைக்குப் போனோருக்கான முறைப்பாட்டுப் பக்கத்தைத் திறந்தார். அதன் முதற் பெட்டி பாதிக்கப்பட்டவரின் முழுப்பெயரைக் கேட்டது. அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, பேச்சியம்மாவின் பக்கம் திரும்பினார்.

“பிள்ளையை என்னெண்டு கூப்பிடுவியள் அம்மா?”